காவிரிக் கரையில் ஒரு கஞ்சிக் கோப்பை

ரமளான் மாதம் எந்தப் பருவத்துக்கும் தனியுரிமையாகப் பிறந்ததன்று. ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் வீதம் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் கோடை, மழை, பனி என எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. 1992ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் தொடக்கத்தில் பிறந்த ரமளான், 2025ஆம் ஆண்டிலும் மார்ச் மாதத்தின் தொடக்கத்திலேயே பிறந்தது. தஞ்சைத் தரணியில் அது சம்பாவும் தாளடியும் அறுவடையாகி முடியும் காலம். களத்தில் புது நெல், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி. இவ்விரண்டும் கூடி வரும் சில ஆண்டுகள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வாய்க்கின்றன.

அந்த ரமளானின் முதல் வாரத்தில் குடும்பத்துடன் தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருவாரூர் வழியாக நாகூர் வரை சென்றோம். மகளுக்கு வயது பன்னிரண்டு. மகனுக்கு எட்டு. இருவரும் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர்கள். நோன்புக் கஞ்சி என்றால் மூடியிட்ட டப்பாவில் வீட்டுக்கு வந்து சேரும் ஒரு பண்டம் என்பதே அவர்கள் அறிந்தது. அது எங்கே, யாரால், எவ்வளவு நேரம் காய்ச்சப்படுகிறது என்று அவர்கள் கேட்டதுமில்லை. 2020ஆம் ஆண்டு ரமளானில் கொரோனா ஊரடங்கால் பள்ளிவாசல்கள் மூடிக் கிடந்தன. கஞ்சிக்கான அரிசி வீடு வீடாகப் பிரித்தளிக்கப்பட்டது. நடை பழகும் வயதில் அந்த ஆண்டைக் கடந்து வந்த பிள்ளைகளுக்கு, கஞ்சி என்பது ஒரு கூட்டத்தோடு அமர்ந்து குடிக்கும் ஒன்று என்பதை யாராவது காட்டித்தான் தரவேண்டியிருக்கிறது.

தஞ்சையை விட்டு வெளியேறியதும் சாலையின் ஒரு பக்கத்தில் நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். வாகனங்கள் மறு பக்கமாக ஒதுங்கிச் சென்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் மூட்டைகள் அடுக்கப்பட்டு, மேகம் திரண்டால் மூடுவதற்குத் தார்ப்பாய்கள் தயாராக இருந்தன. வயல்களில் வைக்கோல் தாளுக்கிடையே பசுமை படர்ந்திருந்தது. அது களையன்று, பயறு. நெல் அறுபடுவதற்குச் சில நாட்கள் முன்பே, ஈரம் காயாத வயலில், நிற்கும் கதிர்களுக்கிடையே உளுந்தையும் பச்சைப் பயற்றையும் தெளித்துவிடுவது டெல்டா உழவரின் நெடுநாள் வழக்கம். நெல்லுக்கு விட்ட தண்ணீரின் மிச்சத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். கஞ்சியில் அரிசியோடு சேரும் பாசிப்பருப்பு அந்தப் பயற்றிலிருந்துதான் வருகிறது. சட்டியில் சேரும் இரண்டும் ஒரே வயலில் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தவை என்று சொன்னபோது மகள் வண்டியின் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

இந்த மண்ணுக்கும் தொலைதூர ஜப்பானுக்கும் நெல்லின் வழியே ஒரு பழைய உறவு உண்டு. 1950களில் அரசாங்கம் ஊர் ஊராகப் பரப்பிய சாகுபடி முறைக்கு ஜப்பானிய முறை என்றே பெயர். வரிசை பிடித்து நடுவது அப்போது புதுமையாகப் பேசப்பட்டது. 1922இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல், நோரின் 10 என்னும் ஜப்பானிய இனத்தையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 இனத்தையும் கலந்து உருவாக்கப்பட்டது. குறுவையில் அது தஞ்சை மாவட்டம் முழுவதும் பரவியது. இன்று அது வழக்கொழிந்துவிட்டது. அதன் பெயரைச் சொன்னால் முகம் மலரும் முதிய விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜப்பானின் பெயரை இங்கே எடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த நாட்டில் தேநீர் அருந்துவதையே ஒரு சடங்காக, ஒரு கலையாகப் போற்றி வருகிறார்கள். கியோட்டோ நகருக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துப்போய், பாய் விரித்த அறையில் மண்டியிட்டு அமரச் செய்து, அந்தத் தேநீரைப் பருகக் கற்பிக்கின்றன. ஒரு மணி நேரம் ஓரிடத்தில் அமராத பிள்ளையும் அங்கே அடங்கி அமர்கிறது என்று பெற்றோர் வியந்து சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நல்லதுதான். அதற்காகக் கடல் கடந்து போக முடியாத நமக்கு, பக்கத்திலேயே அதற்கு ஈடான ஓர் அமர்வு உண்டா என்பதே இந்தப் பயணத்தில் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி.

அன்று மகன் நோன்பு வைத்திருந்தான். ஸஹருக்குத் தானே எழுந்துவந்து உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இரண்டு சலுகைகள் இருந்தன. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையன்று. பயணிகளோ நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நோற்றுக்கொள்ள அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் அனுமதி தருகிறது. மார்ச் வெயிலில், வண்டிக்குள், 13 மணி நேரத்துக்கு மேல் ஒரு சிறுவன் தண்ணீர் இல்லாமல் இருப்பதா என்று அவன் தாய் கவலைப்பட்டார். "அத்தா, அஸர் வரைக்கும் இருந்து பார்க்கிறேனே" என்றான் அவன். மதீனாவின் அன்சாரிப் பெண்கள் ஆஷூரா நாளில் தம் பிள்ளைகளையும் நோன்பிருக்கச் செய்து, அவர்கள் பசித்து அழும்போது கம்பளியால் செய்த விளையாட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை போக்குக் காட்டினார்கள் என்று ருபைய்யிஉ (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. பிள்ளையை வற்புறுத்துவதும் கூடாது, அவன் விரும்பி எடுத்ததைத் தட்டிப் பறிப்பதும் கூடாது. அஸர் வரை என்று உடன்பட்டோம். கம்பளிப் பொம்மைக்குப் பதிலாக வடுவூர் ஏரியின் பறவைகள் ஒரு மணி நேரத்தைக் கடத்தித் தந்தன.

மன்னார்குடியைத் தாண்டித் திருவாரூர் செல்லும் வழியில், வெண்ணாற்றின் பாசனத்தில் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் ஊர்கள் பல உண்டு. அவற்றில் கூத்தாநல்லூர் பெரியது. மலேசியா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து பொருளீட்டியவர்களின் மாடி வீடுகள் அங்கே நெல் வயல்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும். நாங்கள் இறங்கியது அவ்வளவு பெரிய ஊரன்று. ஒரு பள்ளிவாசல், அதன் முன்னே ஒரு குளம், நான்கைந்து தெருக்கள், அவற்றுக்கு அப்பால் வயல். லுஹர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளியின் பக்கவாட்டுக் கொட்டகையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். நாகூர் போய்ச் சேர்வதற்குப் போதுமான நேரம் இருந்தும் அங்கேயே தங்கிவிட்டோம்.

அடுப்பின் மேல் ஓர் ஆள் உள்ளே அமரக்கூடிய அளவில் தேக்சா. தண்ணீர் கொதித்ததும் வெந்தயமும், பாசிப்பருப்பும், கழுவிய பச்சரிசிக் குருணையும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒரு பக்கம் நான்கு பேர் அமர்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளையும் கேளாமலே அந்த வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சமையற்காரர் அறுபது வயதைக் கடந்தவர். நீண்ட மரத்துடுப்பால் அடி வரை துழாவித் துழாவிக் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் கையை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். அடிப்பிடித்த வாடை ஏறினால் ஓர் ஊரின் கஞ்சி முழுவதும் பாழ். பட்டையும் கிராம்பும் இஞ்சி பூண்டு விழுதும் வெங்காயமும் தனியே தாளிக்கப்பட்டுச் சேர்ந்தன. மல்லியும் புதினாவும் பிறகு. தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும் கடைசியில், தீயைத் தணித்த பிறகு. அதிகம் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

மகள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நோன்பிருப்பவர் உப்பை எப்படிப் பார்ப்பார்? தேவையுள்ளவர் நாவின் நுனியில் வைத்துப் பார்த்து, விழுங்காமல் உமிழ்ந்துவிடலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர் அதையும் செய்வதில்லை. "உப்பை நாக்கு பார்க்க வேணாம்மா, கை பார்த்துக்கும்" என்று சிரித்தார். பிறகு குருணை அளந்த படியின் எண்ணிக்கையைச் சொல்லி, அதற்கு எத்தனை பிடி உப்பு என்று அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்லி, அவள் பிடி சிறியது, அதனால் கணக்கு வேறு என்றும் விளக்கினார். பல மணி நேரம் அந்த மணத்துக்கு நடுவே நின்றும் ஒரு சொட்டை வாயில் வைக்காத ஒருவரைப் பார்ப்பது, நோன்பைப் பற்றி நாம் வீட்டில் சொல்லித்தரும் எதையும்விடப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதிந்ததாகத் தோன்றியது.

அஸர் தொழுகைக்குப் பின் வரிசை தொடங்கியது. எவர்சில்வர் தூக்கு, பிளாஸ்டிக் வாளி, மூடியில்லாத குக்கர் எனக் கையில் கிடைத்த பாத்திரங்களோடு சிறுவர் சிறுமியர் முன்னே நின்றார்கள். கதிர் அறுத்த வயலில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளிவிட்டு வந்த பெண்கள், கூந்தலில் வைக்கோல் தூசியுடன் அதே வரிசையில் நின்றார்கள். வெளிமாவட்டத்திலிருந்து அறுவடை இயந்திரத்தை ஓட்டிவந்த இளைஞர் இருவர், தண்ணீர்க் குடத்தைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார்கள். யார் எந்தச் சமயம் என்று கேட்பாரில்லை. பாத்திரத்தின் அளவைப் பார்த்தும் யாரும் முகம் சுளிக்கவில்லை. எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு எங்கள் மகளும் ஒரு தூக்கை ஏந்தி அந்த வரிசையில் நின்று திரும்பினாள்.

இந்த அரிசிக்கும் ஒரு வரலாறு உண்டு. கஞ்சிக்கும் விளக்குக்கும் என்று நன்செய் நிலத்தை வக்ஃபாக எழுதிவைத்த முன்னோர் டெல்டாவில் பலர். களத்தில் நெல் அளக்கும்போதே பள்ளிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிய குடும்பங்களும் இருந்தன. 2001 முதல் தமிழக அரசு ரமளானில் நோன்புக் கஞ்சிக்கெனப் பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கி வருகிறது. நிலமில்லாத சிறிய ஜமாஅத்துகளுக்கு அது பெரிய துணை. ஆயினும் அரிசி மட்டும் கஞ்சியாகிவிடாது. தேங்காயும் பருப்பும் விறகும் ஆள் கூலியும் ஒவ்வொரு நாளும் ஒருவர் பொறுப்பு. அன்றைய நாளை ஏற்றவர் பெயர் பள்ளியின் கரும்பலகையில் எழுதியிருந்தது. நோன்பாளிக்கு நோன்பு திறக்க உணவளித்தவருக்கு, அந்த நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாமல், அதே போன்ற கூலி உண்டு என்பது நபிமொழி. அந்தப் பலகையில் ஒரு நாளும் காலியாக இல்லை.

சூரியன் சாயும் நேரம் ஆறரைக்குச் சற்று முன்பு. ஆறு மணிக்கே பள்ளியின் வெளித்தாழ்வாரத்தில் கோரைப்பாய்கள் நீளமாக விரிக்கப்பட்டன. செருப்பைக் கழற்றி, ஒளு செய்துவிட்டு வருபவர் வந்த வரிசையில் அமர்ந்தார்கள். எங்களுக்கு ஒரு பக்கத்தில் அரிசி ஆலை உரிமையாளர், மறு பக்கத்தில் அந்த ஆலையில் மூட்டை தூக்குபவர். இதைப் பிறகுதான் அறிந்தோம். ஆளுக்கொரு பீங்கான் மங்கு. கஞ்சியை வாளியில் ஏந்தி, முதியவர் ஒருவர் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனார். ஒரு பேரீச்சம்பழம், ஒரு வடை, ஒரு குவளைத் தண்ணீர். அவ்வளவும் வைத்து முடிந்தபோது மஃரிபுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன.

அந்தப் பன்னிரண்டு நிமிடங்களைத்தான் சொல்ல வந்தோம். முன்னே மங்கு நிறைந்திருக்கிறது. ஆவி முகத்தில் படுகிறது. தடுப்பார் யாருமில்லை. அறுபது எழுபது பேர் அமர்ந்திருக்கிறார்கள், ஒரு கையும் நீளவில்லை. சிலர் கையேந்தித் துஆவில் இருந்தார்கள். சிலர் சும்மா மங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகன் முதல் இரண்டு நிமிடம் நெளிந்தான். கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு எதிர் வரிசையில் தன் வயதுப் பையன் ஒருவன் அசையாமல் அமர்ந்திருப்பதைப் பார்த்தான். பிறகு அவனும் அசையவில்லை. கஞ்சியின் மேல் மெல்லிய ஆடை படிவதை இருவரும் அவரவர் மங்கில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஸர் வரை என்ற உடன்படிக்கை யாருக்கும் நினைவில்லை.

ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் உயிரும் இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எய்சாய் என்னும் பௌத்தத் துறவி சீனாவிலிருந்து தேயிலை அருந்தும் பழக்கத்தைக் கொண்டுசென்று பரப்பினார். பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ (1522 - 1591) அதன் ஆடம்பரங்களைக் களைந்து எளிமைப்படுத்தினார். தேநீர்க் குடிலுக்கு இரண்டடிச் சொச்சம் உயரமே உள்ள வாசல். வாளேந்திய போர்வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே நுழைய வேண்டும். முறைப்படி நடக்கும் ஒரு விருந்து நான்கு மணி நேரம் வரை நீளும். பருகுவதோ சில மிடறுகள். கெட்டித் தேநீரை விருந்தினர் அனைவரும் ஒரே கிண்ணத்தில், விளிம்பைத் துடைத்துத் துடைத்துக் கைமாற்றிப் பருகுவார்கள். நம் ஊர்களில் ஒரே ஸஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்.

வேற்றுமையும் உண்டு. தேநீர்க் கலையை ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார்கள். அழைக்கப்பட்டவரே விருந்தினர். கிண்ணங்கள் பரம்பரைச் சொத்தாக மதிக்கப்படுவன. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஆசானுமில்லை, அழைப்புமில்லை. மங்கின் விளிம்பில் பல இடங்களில் பூச்சு உதிர்ந்திருந்தது. ஆனால் சடங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாங்கு ஒலித்ததும் தாமதமின்றி நோன்பைத் திறப்பது, பேரீச்சம்பழம், அது இல்லையேல் தண்ணீர் என்று தொடங்குவது, அமர்ந்து பருகுவது, ஒரே மூச்சில் குடிக்காமல் இடைவிட்டுக் குடிப்பது, ஒவ்வொன்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து வந்த ஒழுங்கு.

பழத்தை மென்று முடித்த மகன், மங்கை எடுத்துக் கஞ்சியை ஊதத் தொடங்கினான். பக்கத்தில் இருந்த மூட்டை தூக்குபவர் அவன் கையை மெல்லத் தொட்டார். "ஊதக்கூடாது தம்பி. ஓரத்துலேருந்து குடிங்க, ஓரம் முதல்ல ஆறிடும்." பாத்திரத்தில் ஊதுவதை நபியவர்கள் தடுத்த ஹதீஸ் அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஓரம் முதலில் ஆறும் என்பது அவருக்கு மட்டுமே தோன்றியது. சிறுவராயிருந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டின் பல பக்கங்களிலும் அலைந்தபோது, அல்லாஹ்வின் பெயரைச் சொல்லவும், வலக்கையால் உண்ணவும், தமக்கு அருகிலுள்ளதை எடுக்கவும் நபியவர்கள் கற்பித்ததும் இப்படித்தான், உணவின் நடுவில், கடிந்துகொள்ளாமல். பிற்காலத்தில் அதை அறிவித்தவரும் அந்தச் சிறுவரே. அன்று முதல் தாம் அவ்வாறே உண்டு வந்ததாகவும் அவர் சொல்லியிருக்கிறார்.

இன்று இந்த அமர்வு சுருங்கி வருகிறது. வண்டியை நிறுத்தாமலே டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறோம். பெருநகர ஓட்டல்கள் இஃப்தார் விருந்து என்று நாற்பது வகை உணவை மேசையில் அடுக்கி வைக்கின்றன. அங்கே காத்திருப்பவர் கண் மங்கின் மேல் இல்லை, எதை முதலில் எடுப்பது என்பதன் மேல் இருக்கிறது. வீட்டுக்கு வாங்கிச் செல்வது தவறன்று. நோயாளிக்கும் பெண்களுக்கும் அது எட்டவேண்டும். ஆனால் பிள்ளைகளையாவது மாதத்தில் சில நாள் பாயில் உட்காரவைக்க வேண்டாமா?

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் பயணம் வரும் பெண்கள் அமர்ந்து நோன்பு திறக்கவும் தொழவும் இடமில்லை. ஒரு தடுப்பும் நான்கு பாயும் போதும். மனம் வைத்த ஊர்களில் செய்திருக்கிறார்கள். அன்று எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வீட்டினரையும் மகளையும் வற்புறுத்தி அழைத்துச் சென்றதால் குறை தெரியவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் ஸஹனைச் சுற்றி அமர்ந்து, தான் வரிசையில் நின்று வாங்கி வந்த கஞ்சியை எல்லோருக்கும் அவளே ஊற்றியிருக்கிறாள். கடைசியில் தனக்குக் கால் கோப்பைதான் மிஞ்சியது என்று பெருமையாகச் சொன்னாள்.

அதைக் கேட்டதும் மகன் வேறொன்றைச் சொன்னான். "வாளி வைத்திருந்த நன்னா குடிக்கவே இல்லை, அத்தா." உண்மைதான். எல்லோரும் மஃரிபுக்கு எழுந்த நேரத்தில் அந்த முதியவர் படிக்கட்டில் அமர்ந்து, ஒரு பழத்தை மட்டும் உண்டு தண்ணீர் குடித்துவிட்டுத் தொழுகைக்கு ஓடினார். தொழுகை முடிந்து வந்த பிறகே, வாளியின் அடியில் கிடந்ததை மங்கில் சரித்துக் குடித்தார். மக்களுக்குப் பருகத் தருபவர் தாம் கடைசியில் பருகுவார் என்ற நபிமொழி முஸ்லிமில் உள்ளது. மகளுக்கு அது அப்போது தெரியாது.

இரவு நாகூரை அடைந்தபோது தராவீஹ் தொடங்கிவிட்டது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டித்தந்த 131 அடி உயரப் பெரிய மனாராவின் விளக்குகள் தொலைவிலிருந்தே தெரிந்தன. மகன் உறங்கிவிட்டிருந்தான்.

போக விரும்புவோருக்கு ஒரு சில செய்திகள். ரமளான் இனி அறுவடையை விட்டு முன்னே நகர்ந்துவிடும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக ஒரே ஆண்டில் இரண்டு ரமளான்கள் பிறக்கும். அப்போது வயலில் கதிர் பால் பிடித்து நிற்கும், தாழ்வாரத்தில் பனி இறங்கும், கஞ்சி இன்னும் சுகமாக இருக்கும். லுஹருக்கே ஊருக்குள் போய்விடுங்கள், இல்லையேல் அடுப்படியைப் பார்க்க முடியாது. வெங்காயம் உரிக்கக் கத்தி தேவையில்லை, அங்கேயே தருவார்கள். தூக்குப் பாத்திரம் ஒன்று, மூடியோடு, கையோடு கொண்டு செல்லுங்கள்.